டாக்டரம்மா வண்டியில் நான் ஊதிய புகை

பழைய வண்டிக்குள் ஊறிப்போன சிகரெட் நாற்றத்தை எப்படி எடுப்பது என்று இந்தத் தொழிலில் இருக்கும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். மரக்காணத்தில் நாற்பது வருஷம் கார் சீட்டும் உள்வேலையும் செய்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். இன்றைக்கு உங்கள் கடைகளில் அதற்கு மெஷினே வந்துவிட்டது. காருக்குள் வைத்து, கதவைச் சாத்தி, டீ குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கிறது. அதனால் வேலையைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. வேலை செய்கிறவனைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒரு வண்டியை விட்டுப் போன நாற்றத்தை நானே திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். பொறாமையில் வைத்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உப்பளத்தை ஒட்டி, பாண்டிச்சேரிக்குப் போகும் ரோட்டில் எங்கள் ஷெட் இருந்தது. முதலாளி கோட்டக்குப்பத்துக்காரர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்துக் காற்றில் வண்டித் தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும், சீட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதைவிடச் சீக்கிரம். வேலைக்குக் குறைவே இல்லை. ஆறு வருஷமாக அந்த ஷெட்டில் சீட் வேலை என்றால் ஏழுமலை. ஏழுமலை நான்தான்.

அப்புறம் பிலோமினா அக்கா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கான்வென்டில் தையல் படித்தவர். கணவருக்குப் பாண்டிச்சேரி மில்லில் வேலை. மில் மூடியும் திறந்துமாக இருந்ததால் இவர் வேலை தேடி வந்தார். பாய் ஒரு பழைய சீட் கவரைக் கொடுத்துத் தைத்துக் காட்டச் சொன்னார். அக்கா தைத்துக் கொடுத்ததைப் பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "ஏழுமல, இதப் பாருப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவிடவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. ஒன்று என் வேலை, இன்னொன்று அக்காவின் வேலையைக் கவனிப்பது. அவர் வீட்டுக்குப் போனதும் அவர் தைத்த சீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, எங்காவது தையல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவித் தேடுவேன். ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. பாய் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'பிலோமினா' என்கிறார், எத்தனை முறை 'ஏழுமல' என்கிறார் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். டீ வந்தால் முதல் கிளாஸ் யாருக்குப் போகிறது என்று பார்ப்பேன். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வீட்டிலிருந்து கொண்டுவரும் மீன் குழம்பில் எனக்கும் ஒரு கிண்ணம் வைப்பார். நான் சாப்பிடுவேன். சாப்பிட்டுக்கொண்டே அவர் மேல் எரிச்சல்படுவேன்.

இந்த நிலையில்தான் டாக்டரம்மாவின் அம்பாசடர் வந்தது.

டாக்டரம்மா எங்கள் ஊரில் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், குப்பத்து ஜனங்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். பெரிய சிக்கல் என்றால் நோயாளியைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காகவே மெட்ராசில் ஒருவரிடமிருந்து பழைய வண்டி ஒன்றை வாங்கினார். எஞ்சின் நன்றாக இருந்தது. ஆனால் முந்தைய சொந்தக்காரர் பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து வருஷக்கணக்காக சிகரெட் பிடித்திருந்தார். கதவைத் திறந்தால் நாற்றம் முகத்தில் வந்து மோதும்.

"மூச்சுத் திணறல்காரங்களையும் புள்ளத்தாச்சிங்களையும் ஏத்தப் போறேன் பாய். இந்த நாத்தத்துல ஏத்தினா ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே வேற வியாதி வந்துடும்" என்றார் டாக்டரம்மா.

பாய் வண்டியை என்னிடம்தான் கொடுத்தார். அக்காவிடம் கொடுக்கவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பினாயில் தெளித்தேன். மூன்று நாள் சாம்பிராணி போட்டேன். கடைசியில் அத்தர் வாங்கிவந்து கதவு ஓரமெல்லாம் தடவினேன். உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். நாற்றமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

டாக்டரம்மா வந்து கதவைத் திறந்தார். உள்ளே தலையை விட்டவர் உடனே வெளியே எடுத்தார். "கோயில்ல உக்காந்து எவனோ சிகரெட் புடிச்ச மாதிரி இருக்குது" என்றார்.

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "வாசனைக்கு மேல வாசனைய ஊத்தினா ரெண்டு வாசனையும்தான் இருக்கும். பிலோமினா, நீ கொஞ்சம் பாரும்மா" என்றார்.

இந்த இடத்தில் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அப்போது ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பவன். புகை பிடிக்கிறவன் மூக்குக்குப் புகை நாற்றம் தெரியாது. அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. யாராவது சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நான் கேட்டிருக்க மாட்டேன். டாக்டரம்மா வேண்டுமென்றே குறை சொல்கிறார், அக்கா ஏதோ முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார் என்றுதான் என் புத்தி போனது.

அக்கா முதல் நாள் வண்டியைத் தொடவே இல்லை. நான்கு கதவையும் சாத்தி வெயிலில் நிற்க வைத்தார். உச்சி வெயிலில் ஒரு கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு இடமாக முகத்தைக் கொண்டுபோனார். "சீட்டுல கொஞ்சந்தான் தம்பி இருக்குது. பொக மேலதான போவும். எல்லாம் கூரத் துணியில இருக்குது" என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் கீழேயே கழுவிக்கொண்டிருந்தேன். எவ்வளவு சின்ன விஷயம். அதை அவர் சொன்னதும் எனக்கு எரிந்தது.

கூரைத் துணியை முழுவதும் கழற்றி எறிந்தார். சீட்டுக்குள் இருந்த பஞ்சையும் தேங்காய் நாரையும் மாற்றினார். கண்ணாடிகளின் உள்பக்கத்தைக் காடி, இன்றைக்கு வினிகர் என்கிறீர்களே, அதை விட்டுத் துடைத்தார். துணி மஞ்சளாக வந்தது. தட்டுகளில் அடுப்புக்கரி வைத்து மூடிவைத்தார். கடைசியில் கூரைக்குப் புதுத் துணி தைத்து மாட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் வேலை. வியாழக்கிழமை மாலை முடிந்துவிட்டது என்று அக்கா சொன்னதும், பாய் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினார். "மாஷா அல்லா. சனிக்கிழம டாக்டரம்மாவ வரச் சொல்லிடலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் பள்ளிவாசலுக்குத் தொழப் போய்விட்டார். அக்கா மகளுக்குக் காய்ச்சல் என்று பாதி நாளோடு வீட்டுக்குப் போனார். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். ஷெட்டில் நான் மட்டும். எதிரில் அந்த வண்டி.

பீடி என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று யோசித்து, கடைக்குப் போய் சிகரெட் வாங்கிவந்தேன். அந்த அளவுக்கு யோசித்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கோபத்தில் கை தவறிச் செய்த வேலை இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடிகளை ஏற்றினேன். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சிகரெட் பிடித்தேன். ஒவ்வொரு இழுப்பையும் அண்ணாந்து அந்தப் புதுத் துணியில் ஊதினேன். எங்கே ஊத வேண்டும் என்று அக்காதானே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கண் எரிந்தது. இறங்கிக் கதவுகளைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்தேன். பிறகு சாத்திவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல பசி.

சனிக்கிழமை காலை அக்கா வந்ததும் வண்டியைத் திறந்தார். தலையை உள்ளே விட்டவர் நீண்ட நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு ஈரத் துணியை எடுத்து உள்ளே எதையோ துடைத்தார். வெளியே வந்தபோது முகத்தில் எதுவும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வேக வேகமாக நடந்து வந்தார். அஞ்சலை என்ற உப்பளத்து அம்மாவுக்கு விடியற்காலையிலிருந்து மூச்சுத் திணறல், ஊசி போட்டும் நிற்கவில்லை, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். "வண்டி ரெடிதான பாய்?"

பாய் அக்காவைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே டாக்டரம்மா" என்றார் அக்கா. "வேற வண்டி ஏதாச்சும் பாக்கலாம்."

அதோடு நான் விட்டிருந்தால் வேறு வண்டி தேடியிருப்பார்கள். நான் விடவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "இன்னாக்கா, முடிஞ்சிடுச்சுன்னு முந்தாநேத்தே பாய்கிட்ட சொன்னீங்க. இப்ப இன்னா ரெண்டு நாளு?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"நேரம் இல்ல, எடுங்க" என்றார் டாக்டரம்மா. டாக்டரம்மாவுக்கு இன்னும் டிரைவர் அமையவில்லை. பாய் சாவியை என் கையில் கொடுத்து, "நீ ஓட்டு ஏழுமல" என்றார்.

அஞ்சலை அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கால் பாதம் முழுக்க உப்பு வெடிப்பு. பின் சீட்டில் டாக்டரம்மா மேல் சாய்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி வந்தது. கண்ணாடிகள் இறங்கியிருந்ததால் ஊரைத் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. அப்புறம் எங்களுக்கு முன்னால் உப்பு லாரிகள். அன்றைக்கு அந்த ரோடு பாதி மண். புழுதி கிளம்பி உள்ளே வந்ததும் அந்த அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"கண்ணாடிய ஏத்துப்பா" என்றார் டாக்டரம்மா. ஏற்றினேன்.

மே மாத வெயில். கண்ணாடி மூடிய வண்டி அடுப்பு மாதிரி ஆனது. சூடு ஏற ஏற, துணியில் ஊறியிருந்தது இறங்க ஆரம்பித்தது. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பொக வாசன" என்றார் அஞ்சலை அம்மா. "நெஞ்ச அடைக்குது." அதற்கு மேல் பேச முடியவில்லை. முன்னால் தொங்கிய கண்ணாடியில் பார்த்தேன். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கை எதையாவது பிடிக்கத் தேடிக்கொண்டிருந்தது.

"எறக்கு, எறக்கு" என்றார் டாக்டரம்மா. இறக்கினேன். புழுதி வந்தது. திரும்ப இருமல். ஏற்றினால் புகை, இறக்கினால் புழுதி. லாரிகளை முந்த வழியில்லை. "அந்தப் பொம்பள நாத்தம் போயிடுச்சுன்னு சொன்னாளே" என்றார் டாக்டரம்மா. எனக்குக் காதில் விழுந்தது. அந்த நிலையிலும் என் மனதில் ஒரு ஓரம் அதைக் கேட்டுக் குளிர்ந்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன்.

அஞ்சலை அம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. ரோட்டோரம் சவுக்குத் தோப்பில் இறக்கி நிறுத்தினேன். நான்கு கதவையும் திறந்தேன். சீட் வேலைக்காரன் பையில் எப்போதும் கத்தி இருக்கும். முன் கண்ணாடி ஓரத்தில் கத்தியை வைத்து, அந்தப் புதுக் கூரைத் துணியைப் பின்பக்கம்வரை ஒரே இழுப்பாகக் கிழித்தேன். மிச்சத்தைக் கையால் பிய்த்துத் தோப்புக்குள் எறிந்தேன். டாக்டரம்மாவின் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கித் துண்டை நனைத்து, தகட்டையும் கண்ணாடியையும் துடைத்தேன். அதற்குள் டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டிருந்தார். தோப்புக்குள் கடல் காற்று வந்தது. லாரிகள் தூரமாகப் போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் மூச்சு பழைய விசில் சத்தத்துக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு புழுதி வராமல் கண்ணாடியை மூடித்தான் ஓட்டினேன். நாற்றம் இல்லை. உயிரோடு பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா என்னிடம் கேட்டார். "அந்தத் துணியிலதான் இருக்குதுன்னு அந்த நேரத்துல ஒனக்கு எப்படிப்பா தோணுச்சு?"

"தொழில் அனுபவம்தான் டாக்டரம்மா" என்றேன்.

அவர் என் தோளில் தட்டினார். ஊருக்குத் திரும்பியதும் நேராக ஷெட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும், இவன் இல்லாவிட்டால் இன்றைக்கு ஒரு உயிர் போயிருக்கும் என்று சொன்னார். பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்து, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்மா. முடிஞ்சிடுச்சுன்னு சொல்லக் கூடாது" என்றார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பாய் அன்றே சீட் வேலைப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். இனி அக்கா என்னைக் கேட்டுத்தான் துணி வெட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. முதல் டீ எனக்கு வந்தது. இனிமேல் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

அக்கா மறுபடியும் அந்த வண்டிக்குக் கூரைத் துணி தைக்க உட்கார்ந்தார். முதலில் தைத்தது போலவே ஒரு சுருக்கம் இல்லாமல், வேகத்தில் கூடுதல் குறைவு இல்லாமல் தைத்தார். ஒவ்வொரு நாளும் வந்து, "தம்பி, இத்த வெட்டட்டுமா?" என்று கேட்பார். நக்கலாகக் கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சாதாரணமாகக் கேட்பார். மீன் குழம்புக் கிண்ணமும் நிற்கவில்லை. ஐந்தாவது நாள் என்னால் அந்தக் கிண்ணத்தைத் தொட முடியவில்லை.

"அக்கா, அந்த வண்டியில சிகரெட் புடிச்சது நான்தான்" என்றேன்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்துவிட்டு, "தெரியுமே" என்றார்.

"எப்படி?"

"பழைய ஆளு பின்னால ஒக்காந்து புடிச்சவரு. நான் தொடச்ச சாம்பல் டிரைவர் சீட்டுக்குக் கீழ இருந்துது. ஷெட்டுல அன்னிக்கு யார் இருந்தாங்க?"

"அப்ப ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா பாய் ஒன்ன அப்பவே அனுப்பிடுவாரு. ரெண்டு நாள் கெடச்சா துணிய அலசிப் போட்டுக்கலாம்னு பாத்தேன். நீதான் விடலயே." நூலைப் பல்லால் கடித்தார். "அந்தம்மாவ ஏத்தும்போதாவது சொல்லியிருக்கணும். அது என் தப்புதான். அத்த நெனச்சா எனக்கும் தூக்கம் வரல."

இவ்வளவு நாள் அக்காவின் தையலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அந்த நிமிஷம்தான் வேறொன்றைப் பார்த்தேன். குற்றம் செய்தவன் நான். தூக்கம் வராமல் கிடந்தவர் அவர். இவரைப் போல நான் ஆகவே முடியாது என்று தெரிந்தபோது வந்த பொறாமை, முன்பு வந்ததைவிடப் பெரியது. அது இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

போனேன். டாக்டரம்மா முழுவதும் கேட்டார். திட்டவில்லை. கையைக் கழுவினார், துடைத்தார். "ஒன் தோள்ல தட்டினேனே" என்றார். பிறகு பாயிடம் சொல்லிவிட்டார். பாய் என்னை அனுப்பவில்லை. அக்கா தடுத்திருக்க வேண்டும், யாரும் என்னிடம் சொல்லவில்லை. "இனிமே பிலோமினா சொல்றதுதான் ஒனக்கு வேல. புடிக்கலன்னா போயிடு" என்றார் பாய். நான் போகவில்லை. அக்கா கண் பார்வை மங்கி வேலையை விடும்வரை அவருக்குக் கீழேதான் வேலை செய்தேன். எனக்குத் தெரிந்த நல்ல வேலை எல்லாம் அந்த வருஷங்களில் கற்றது. பீடியையும் அப்போதுதான் விட்டேன். விட்டபின் ஒரு நாள் ஒரு பழைய வண்டிக்குள் தலையை விட்டபோதுதான் எனக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

உங்களில் சிலர் இரண்டு பேராக, மூன்று பேராக ஒரே கடையில் வேலை செய்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவன் உங்களைவிட நன்றாகச் செய்யும் நாள் வரும். அன்றைக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரியக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். ஆனால் அந்த எரிச்சலோடு தனியாக ஷெட்டில் உட்காராதீர்கள். எழுந்து வெளியே போய்விடுங்கள். நம் கைக்குள் இருப்பது பக்கத்தில் இருப்பவனுடைய வேலை மட்டும் இல்லை. அந்த வண்டியில் ஏறப்போகிற ஒருவர் இருக்கிறார். அவர் யார் என்று நமக்குத் தெரியாது.

இன்னொன்று பாக்கி இருந்தது. டாக்டரம்மாவிடம் சொன்ன அன்றே அவர், "மூச்சு முட்டினது எனக்கு இல்ல" என்று சொல்லியிருந்தார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அஞ்சலை அம்மா குணமாகி வேலைக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபின் ஒரு நாள் காலை உப்பளத்துக்குப் போனேன்.

பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வண்டிய நிறுத்தித் துணியக் கிழிச்ச தம்பிதான நீ? நல்லா இருப்பா" என்றார். பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்களிடமும் என்னைக் காட்டினார்.

வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிகரெட் வாங்கியது, கண்ணாடியை ஏற்றியது, மேலே ஊதியது எல்லாம். அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"எதுக்குப்பா அப்படிப் பண்ண?"

"கூட வேல செய்ற அக்கா என்னவிட நல்லா வேல செஞ்சாங்க. அத்தப் பொறுத்துக்க முடியல."

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதுக்கு நான் இன்னாப்பா பண்ணேன்?"

நான் நின்றேன். பதிலுக்காக அந்த அம்மாவும் நின்றார். வரவில்லை என்று தெரிந்ததும் குனிந்து, விட்ட இடத்திலிருந்து உப்பை வார ஆரம்பித்தார்.